காலி லாரி முன்னால் போகட்டும்

பிப்ரவரி 4

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீயும் உன் லாரியும் சுகமா?

முதலில் கையெழுத்தைப் பார். கோழி கிளறின மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும், இது என் கையெழுத்து. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதியது. அவள் பாதியை விழுங்கிவிடுவாள். கேட்டால், "நாள் முழுக்க பஸ்ஸில டிக்கெட் கிழிச்சுட்டு வந்திருக்கேன், சுருக்கமாச் சொல்லுங்கப்பா" என்பாள். இனி என்னை யாரும் சுருக்க முடியாது.

ராணுவ முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றதும் எனக்கு அழுகை வந்தது. இப்போது யோசித்தால் நல்லதாகப் போயிற்று. போன் இருந்திருந்தால் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்புக்கு நான் போயிருக்கவே மாட்டேன்.

போன வாரம் எங்கள் பழைய கிடங்குப் பக்கம் போனேன். ஆயுசு முழுக்க முதுகில் சுமந்த மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் படித்தேன். 'கொக்கி போடாதீர்' என்று எழுதியிருக்கிறதடா! நாங்கள் லோடுமேன்கள் எல்லோரும் கொக்கி போட்டுத்தானே இழுப்போம். அங்கேயே நின்று சிரித்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நீ கம்ப்யூட்டரில் விட்டுப்போன போர் விளையாட்டை நான்தான் நடத்துகிறேன். மவுஸ் இப்போது கைக்குப் பழகிவிட்டது. மேலிருந்து பார்க்க ஆட்கள் எறும்பு மாதிரி, லாரிகள் தீப்பெட்டி மாதிரி. சதுரங்கம் போல நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எதிரி பாலத்தைத் தாண்டிவிடுகிறான். நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல் 'வெற்றி'. படித்து முடிப்பதற்குள் திரை மாறிவிடும். அந்த ஒரு சொல்லைப் படிக்க எத்தனை தடவை ஜெயிக்க வேண்டியிருந்தது தெரியுமா?

அங்கே தாள் கிடைப்பதில்லை என்றாயே, உள்ளே ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அதில் பதில் எழுது. குளிக்காமல் சாப்பிடாதே.

உன் அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் இருமல் குறைந்ததா?

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து, யாரோ சின்னப் பிள்ளை எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். பிரித்த பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் லாரிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன். வேறொன்றும் இல்லை, சந்தோஷம்தான்.

இங்கே வேலை நம் வேலைதான். ரொட்டி, தண்ணீர், தோட்டாப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றி ஆற்றங்கரைச் சாலை வழியாக, முன்வரிசை வீரர்கள் இருக்கும் முன்காவல் வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். சரக்கு ஏற்றி முடித்தால், போகலாம் என்று நீங்கள் லாரியின் பின்பலகையை இரண்டு தட்டு தட்டுவீர்களே, அதை இங்கே எல்லோருக்கும் பழக்கிவிட்டேன். இப்போது தட்டாமல் யாரும் கிளம்புவதில்லை.

விளையாட்டை ஜாக்கிரதையாக நடத்துங்கள். நான் சேர்த்து வைத்த படையைக் காலி பண்ணிவிடாதீர்கள். இந்தத் தாளின் அடியில் ஒருவன் இரண்டு வரி எழுத வேண்டும் என்று பிடுங்குகிறான். என்னோடு லாரி ஓட்டுபவன். ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட ஆரம்பித்து இப்போது வெறும் ஒட்டடை ஆகிவிட்டான்.

உங்கள் மகன்

ஐயா வணக்கம், நான்தான் ஒட்டடை. உங்க பிள்ளை விடற குறட்டைல எதிரி பயந்து ஓடிடுவான், எங்களுக்குத் தூக்கம்தான் போச்சு. எனக்கு லெட்டர் போட ஆள் இல்ல. உங்க லெட்டர்ல எனக்கும் ரெண்டு வரி ஒதுக்கினா குறைஞ்சா போயிடுவீங்க?


மார்ச் 7

அன்பு மகனுக்கும் ஒட்டடைக்கும் அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இருமல் போய்விட்டது, சளி மட்டும் குடியிருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

விளையாட்டில் ஒரு வாரமாக முட்டிக்கொண்டு நின்றேன். ஆற்றுப் பாதை என்று ஒரு கட்டம். அதில் உன் வேலையேதான். முன்காவலுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். ஆனால் குன்றின் மேல் எதிரி பீரங்கி வைத்திருக்கிறான். எத்தனை லாரி அனுப்பினாலும் ஒன்றும் மிஞ்சவில்லை. உன் அக்கா, "அடுப்புல பால் பொங்கி வழியுது, நீங்க போர் நடத்துறீங்களா?" என்று கத்தினாள். பால் போனால் போகட்டும், என் லாரிகள் போகின்றனவே!

அப்புறம் ஒரு யோசனை வந்தது. காலி லாரி ஒன்றை முதலில் ஆற்றங்கரையில் அனுப்பினேன். பீரங்கி எல்லாம் அதன் பக்கம் திரும்பி அதையே சுட்டது. அந்த நேரத்தில் சரக்கு லாரிகளை மேட்டுப் பாதையில் விட்டேன். ஒரு மூட்டை சேதம் இல்லாமல் எல்லாம் போய்ச் சேர்ந்தது. வெற்றி! எழுந்து நின்று கை தட்டினேன். உன் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒட்டடைத் தம்பி, உனக்கு இரண்டு வரி என்ன, பத்து வரி எழுதுவேன். நிறைய சாப்பிடு.

உங்கள் அப்பா


மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமே. நீங்களும் அக்காவும் நலம் என்று படித்து நிம்மதி. சளிக்கு வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பால் பொங்கி வழிந்த இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இங்கே சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று. கேப்டன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. காலி லாரி வரும் இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

உங்கள் மகன்

அப்பா, ஐயா இனி கிடையாது, அப்பாதான். பத்து வரி வேணாம். அந்த விளையாட்டுல ஒரு லாரிக்கு என் பேரை வைங்க, போதும். டயர் நல்லா இருக்கிற லாரியாப் பாத்து வைங்க. இங்க நான் ஓட்டுறது தள்ளுவண்டி மாதிரி இருக்கு.


ஏப்ரல் 6

என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

கேப்டனே கேட்டாரா! என் எழுத்தை ஒரு கேப்டன் இரண்டு தடவை படிக்கச் சொன்னார் என்று வகுப்பில் சொன்னேன். டீச்சர் எல்லோரையும் கை தட்டச் சொன்னார். ஒரு கிழவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவரிடம் இதையும் சொல். ஒரு தடவை தற்செயலாக நடந்ததோ என்று மறுபடி மறுபடி விளையாடிப் பார்த்தேன். எத்தனை தடவை அனுப்பினாலும் எதிரி ஏமாறுகிறான். ஒரு தடவைகூடப் பின்னால் வரும் லாரிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு மடையன்.

ஒட்டடை, உனக்கு லாரி கொடுத்துவிட்டேன். முதல் லாரி, எல்லோருக்கும் முன்னால் போவது. உன் பெயரைச் சின்னத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டியும் வைத்திருக்கிறேன். உன் அக்கா பார்த்துவிட்டு, "வீட்டுல ஒட்டடை இருக்குன்னு போர்டு வேற மாட்டணுமா?" என்கிறாள். பொறாமை!

உங்கள் அப்பா


மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். உங்கள் யோசனை இங்கே பலித்தது. சரக்கு முழுதும் போய்ச் சேர்ந்தது. கேப்டன் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் வேறு ஏதாவது எழுதுங்கள். வகுப்பைப் பற்றி, அக்காவைப் பற்றி. விளையாட்டு வேண்டாம்.

மகன்


மே 21

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. சுகம்தான். உன் கடிதம் மெலிந்து போயிருக்கிறதே, நீயும் மெலிந்துவிட்டாயா? சாப்பிடு.

வேறு எழுது என்றாய். உன் அக்காவின் பஸ்ஸில் ஒரு ஆள் நாலு கோழிக்கு டிக்கெட் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டானாம். "கோழிங்க நின்னுட்டுத்தானே வருது" என்றானாம். வகுப்பில் இப்போது கூட்டல் கணக்கு. அவ்வளவுதான் வேறு விஷயம்.

கேப்டனின் வணக்கத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவருக்கு இன்னொன்று சொல். காலி லாரியின் பின்பலகையைத் தட்டினால் டமாரம் மாதிரி சத்தம் வரும். சரக்கு இருந்தால் அமுங்கிக் கேட்கும். லோடுமேனுக்குத் தெரிந்தது எதிரிக்கும் தெரிந்துவிடப் போகிறது, அதனால் காலி லாரியில் கொஞ்சம் மண் மூட்டை போட்டு அனுப்பச் சொல்.

தாளின் அடியில் ஒட்டடை ஏன் ஒன்றும் எழுதவில்லை? இடம் விட்டிருந்தாயே. நான் கொடுத்த லாரி பிடிக்கவில்லையாமா? கோபமா?

உன் அப்பா


ஜூன் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகமா? இங்கே வெயில் போய் மேகம் கூடியிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த விளையாட்டில் காலி லாரி முன்னால் போகிறதே, அதை யாராவது ஓட்டுகிறார்களா? நான் அத்தனை நாள் விளையாடியும் பார்த்ததில்லை. நேரம் கிடைத்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒட்டடைக்குக் கோபம் எல்லாம் இல்லை. உங்கள் லாரி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யார் முன்னால் போவது என்று கேப்டன் கேட்டபோது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன்தான் சிரித்துக்கொண்டே, "எங்கப்பா எனக்கு முதல் லாரி எழுதிக் கொடுத்துட்டார், நீங்கெல்லாம் ஒதுங்குங்கடா" என்று ஏறினான். பின்பலகையை நான்தான் இரண்டு தட்டு தட்டினேன். நீங்கள் சொன்ன மாதிரிதான் சத்தம் வந்தது.

இப்போது அதற்கு முறை வைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை. எனக்கு மழை வலுக்கும்போது வரும் போலிருக்கிறது. நீங்கள் கவலைப்படாதீர்கள். அக்காவிடம் இதை எல்லாம் படித்துக் காட்ட வேண்டாம்.

மகன்


ஜூன் 27

அன்பு மகனுக்கு,

சுகம். நீயும் அப்படியே இரு.

கேட்டாயே, பார்த்தேன். மவுஸின் நடுவில் இருக்கிற உருளையை உருட்டினால் படம் கிட்டே வரும் என்று எனக்குத் தெரியாது. உன் அக்காதான் காட்டினாள். உருட்டிக்கொண்டே போனேன். தீப்பெட்டி பெரிதாகி லாரியாயிற்று. கேபின் தெரிந்தது. உள்ளே ஒரு ஆள் இருக்கிறான். தொப்பி போட்டிருக்கிறான். ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான், நீ ஓட்டுகிற மாதிரி.

குண்டு விழுந்ததும் கதவைத் திறந்து இறங்குகிறான். சாலையைத் தாண்டி ஓடப் பார்க்கிறான். தாண்டுவதில்லை. இது ஒவ்வொரு தடவையும் நடந்திருக்கிறது. நான் அப்போதெல்லாம் மேட்டுப் பாதையில் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோடுமேன் லாரியின் பின்பக்கத்தில்தான் நிற்பான். சரக்கு ஏறியதா, கயிறு இறுகியதா என்று பார்ப்பான். இரண்டு தட்டு தட்டுவான், லாரி போய்விடும். அத்தனை வருஷத்தில் நான் முன்பக்கம் வந்து ஒரு டிரைவரின் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் கம்ப்யூட்டர் மேல் இருந்த அந்தப் பெயர்த் தாளைத் தூசு படாமல் துடைத்து வைக்கிறாள்.

அப்பா


ஜூன் 27

மதிப்புக்குரிய கேப்டன் அவர்களுக்கு, தங்கள் முகாமில் லாரி ஓட்டும் ஒருவனின் தகப்பன், ஓய்வு பெற்ற லோடுமேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

காலி லாரி விஷயமாக நான் எழுதியதைத் தாங்கள் கேட்டதாகவும் வணக்கம் சொன்னதாகவும் அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அந்த யோசனை தப்பு. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பிறகு பலமுறை விளையாடிப் பார்த்தேன். எதிரி ஆரம்பத்தில் மட்டும்தான் ஏமாறுகிறான். பிறகு காலி லாரியைத் தொடாமல் விட்டுவிட்டுப் பின்னால் வரும் சரக்கு லாரிகளுக்காகக் காத்திருக்கிறான். எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கிறான். ஒரு மூட்டை மிஞ்சுவதில்லை. எப்படி மாற்றி விளையாடினாலும் இதே முடிவுதான்.

சரக்கு பாழாகிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் இதை எழுதுகிறேன். சரக்கைப் பற்றி எனக்குத் தெரியும். மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவன். தயவு செய்து மழை வலுப்பதற்குள் முடிவு செய்யுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேரானது.

தங்கள் பணிவுள்ள
லோடுமேன்


ஜூலை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நிஜமாகவே. உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

கேப்டன் உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவை நாங்கள் போய் வந்தபோதும் எதிரிக்கு விஷயம் புரிந்துவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் இருந்ததாம். காலி லாரியை நிறுத்திவிட்டார். என் முறை வரவில்லை.

மழையில் விறகு எல்லாம் ஈரம். தேநீருக்கு அடுப்புப் பற்றவில்லை. உங்கள் பழைய கடிதங்களில் ஒன்றை எடுத்துக் கொளுத்திவிட்டேன், மன்னியுங்கள். ஏப்ரலில் எழுதியது. எதிரி மடையன் என்று எழுதியிருந்தீர்களே, அது. அதில்தான் ஒட்டடைக்கு நீங்கள் லாரி கொடுத்ததும் இருந்தது. அதனால் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் போட்டுவிட்டேன். தேநீர் நன்றாக இருந்தது.

இப்போது எல்லா லாரியும் சரக்கோடு ஒன்றாகப் போகிறது. ஏதாவது ஒன்றின் மேல் குண்டு விழுகிறது. எதன் மேல் என்று யாருக்கும் தெரியாது. முன்பு ஏறுகிறவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு இது மேல்.

கிளம்பும்போது பின்பலகையை யாரும் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகன்


அக்டோபர் 2

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அக்கா சுகம். நீ சுகம் என்று எழுதி ரொம்ப நாளாகிறது.

ஆகஸ்டில் ஒன்று எழுதினேன். செப்டம்பரில் ஒன்று எழுதினேன். கிடைத்ததா? தபால்காரரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "மழைப்பா, பாலமெல்லாம் போயிருக்கு, வந்தா நான் கொண்டாந்து தர மாட்டேனா?" என்றார். நல்ல மனுஷர். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வேண்டாம் என்றாய், ஆனாலும் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். அதே ஆற்றுப் பாதைதான். எல்லா லாரியையும் ஒன்றாக அனுப்புகிறேன். படத்தைக் கிட்டே வைத்து, ஒவ்வொரு கேபினாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். அப்படிப் பார்த்துக்கொண்டு போர் நடத்த முடியாது, தெரியுமா? எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறான் என்றே தெரிவதில்லை. உன் அக்கா நேற்று பின்னால் வந்து நின்று, "அப்பா, ஜெயிச்சுட்டிருந்தீங்களே, இப்ப ஏன் தினமும் தோக்குறீங்க?" என்றாள். கண் மங்கிவிட்டது என்றேன். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தோற்றோம்.

வெற்றி என்ற சொல் ஓடிப்போய்விடும் என்று எழுதினேன் அல்லவா? தோல்வி அப்படி இல்லை. நாம் எழுந்து போகும் வரை திரையிலேயே இருக்கிறது. அதை இப்போது நான் எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படித்துவிடுகிறேன்.

வகுப்பு முடிந்துவிட்டது. சான்றிதழ் கொடுத்தார்கள். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

உள்ளே வழக்கம்போல வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை விலாசமும் நானே எழுதி, தபால்தலையும் ஒட்டிய உறை ஒன்றையும் வைத்திருக்கிறேன். நீ எழுத முடியாத நிலையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது எழுதட்டும். கேப்டனே எழுதினாலும் சரி. யாருடைய கையெழுத்தாக இருந்தாலும், என்ன எழுதியிருந்தாலும், தயங்க வேண்டாம் என்று சொல். படித்துக் காட்ட ஆள் தேட மாட்டேன். இப்போது எனக்கு எதையும் படிக்கத் தெரியும்.

உன் அப்பா